கூடாரத்தை ஈரத்தோடு மடிச்சு வச்சா என்ன ஆகும்?

டோபி காட்... பெயரிலேயே சலவை இருக்கிறது. அன்று இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அங்கிருந்த ஓடையில் துவைத்து, அருகிலிருந்த திடலில் துணிகளை உலர்த்தினர்.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் முகாமிட்டுத் திரும்புவோருக்கும் அதே வேலைதான்: அலசணும், காயவைக்கணும்.

ஏன்?

கூடாரத் துணியில் தண்ணீர் புகாமல் தடுப்பது பெரும்பாலும் பாலியூரித்தேன் பூச்சு. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அது சிதையும். பிசுபிசுன்னு ஒட்டும், உரியும். பூஞ்சையும் பிடிக்கும். அடுத்த மழையில் கூடாரம் ஒழுகும்!

என்ன செய்யலாம்?

- மணலை உதறுங்கள். உப்பை நல்ல தண்ணீரில் துடையுங்கள். ஜிப்பை மறந்துடாதீங்க.
- சலவை இயந்திரம் வேண்டாம்.
- நிழலில் உலர்த்துங்கள். கடும் வெயில் நைலானைப் பலவீனமாக்கும்.
- முழுக்கக் காய்ந்தபின், இறுக்கிச் சுருட்டாமல் பெரிய பருத்திப் பையில் வையுங்கள்.