லயன் வளைகுடாவின் ஆழ்நீர்

லயன் வளைகுடா பிரான்சின் தென்கரையை ஒட்டிய மத்தியதரைக் கடற்பகுதி. மேற்கு மத்தியதரைக் கடலின் அடியில் பரவியிருக்கும் குளிர்ந்த நீரின் பெரும்பகுதி இங்கும் இதன் அண்டைக் கடற்பரப்பிலும் குளிர்காலத்தில் உருவாகிறது.

ரோன் பள்ளத்தாக்கு வழியாக இறங்கும் மிஸ்ட்ரல், பிரெனீஸ் மலையின் வடபுறமாக வரும் திரமோந்தான் ஆகிய வறண்ட குளிர்காற்றுகளே இதற்குக் காரணம். இவை மேற்பரப்பு நீரைக் குளிர்விப்பதோடு ஆவியாக்கவும் செய்வதால் உப்பின் செறிவு கூடுகிறது. கனத்த நீர் கீழே அமிழ, அடிநீர் மேலெழுந்து கலக்கிறது.

டென்மார்க்கின் 'தோர்' கப்பல் 1908–1910இல் திரட்டிய அளவீடுகளை ஆராய்ந்த நீல்சன், ஆழ்நீரின் பிறப்பிடம் இப்பகுதியே என 1912இல் கூறினார். நீர் கலப்பதை நேரில் கண்டது 1969ஆம் ஆண்டின் 'மெடாக்' பன்னாட்டு ஆய்வு. 'அட்லாண்டிஸ் 2', 'ழான் ஷார்கோ', 'டிஸ்கவரி' ஆகிய கப்பல்கள் இதில் பங்கேற்றன. மிஸ்ட்ரல் வீசிய சில நாட்களிலேயே, அடுக்கடுக்காக இருந்த நீர் மேலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் வரை ஒரே சீராகக் கலந்தது. அதன் வெப்பநிலை 13 டிகிரி செல்சியசுக்குச் சற்றுக் கீழே இருந்தது. நீர் செங்குத்தாக நகர்ந்த வேகம் சில இடங்களில் விநாடிக்கு 10 செ.மீ. வரை எட்டியது. முன்தயார்நிலை, கடுங்கலப்பு, அமிழ்ந்து பரவல் என்ற மூன்று கட்டப் பகுப்பும் இவ்வாய்விலிருந்து வந்ததே.

திறந்த கடலில் நிகழும் இக்கலப்பைத் தவிர, ஆழத்துக்கு நீர் செல்லும் இரண்டாவது வழி கண்டச் சரிவு. ஆழமற்ற கண்டத்திட்டில் நீர் விரைவில் குளிர்கிறது. எனினும் ரோன் ஆற்றின் நன்னீர் கலப்பதால் அதன் உப்புத்தன்மை குறைவு. ஆகவே பெரும்பாலான ஆண்டுகளில் அது சரிவின் நடுப்பகுதியோடு நின்றுவிடுகிறது. கடுங்குளிர் நிலவிய 2005இல் நிலைமை மாறியது. திட்டின் தென்மேற்கு முனையிலுள்ள கிரியுஸ் முனைப் பள்ளத்தாக்கு வழியே, விநாடிக்கு 80 செ.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில், மணலையும் கரிமப் பொருளையும் வாரிக்கொண்டு நீர் இறங்கியது. மிகேல் கனால்ஸ் குழுவினர் இதை 2006இல் 'நேச்சர்' இதழில் விவரித்தனர். அதே குளிர்காலத்தில் திறந்த கடலிலும் வழக்கத்துக்கு மாறான அளவில் ஆழ்நீர் உருவாகி, மேற்கு மத்தியதரைக் கடலின் அடிநீர் முன்னைவிட வெப்பமும் உப்பும் மிகுந்ததாயிற்று.

கண்டச் சரிவின் வழியே நீர் இறங்குவது மீன்பிடியையும் பாதிக்கிறது. வலுவான நீர்ச்சரிவு நிகழ்ந்தவுடன் கட்டலோனியக் கரையோரச் சிவப்பு இறால் வலையில் கிடைப்பதில்லை. ஆனால், ஆழத்துக்குச் சென்ற கரிமப் பொருள் குஞ்சுகளுக்கு உணவாவதால், மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குப் பின் பிடிப்பு பெருகுகிறது என 2008இல் வெளியான ஆய்வு காட்டியது.