அங்கியை எரித்த வக்கீல்: ஒரகடத்துக்கு சிங்காரவேலர் யார்?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை பாக்குறவங்க பல பேர் கம்பெனி பஸ்ல போகும்போது நம்ம எபிசோடைக் கேட்குறதா சொல்லியிருக்கீங்க. அதனால இன்னைக்கு உங்களுக்குச் சொந்தமான ஒருத்தரைப் பத்திப் பேசலாம்னு இருக்கேன். வக்கீல், தொழிலாளிகளோட நண்பர், 1946 பிப்ரவரி 11-ல் இறந்துபோனவர். ம. சிங்காரவேலர்.

முதல்ல சமீபத்துல நடந்த ஒரு விஷயம். 2024 செப்டம்பர் 9-ஆம் தேதி சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில வேலைநிறுத்தம் தொடங்குச்சு. 37 நாள். சம்பளக் கோரிக்கையும் இருந்துச்சு, ஆனா பெரிய இழுபறியே சங்கத்தைப் பதிவு பண்றதுலதான். விஷயம் உயர் நீதிமன்றம் வரைக்கும் போச்சு. கடைசியில 2025 ஜனவரி 27-ல் சங்கம் பதிவாச்சு. அப்போ எனக்கு வந்த கேள்வி இதுதான்: சங்கம் வைக்க ஒரு காகிதம் வேணும்கிற நிலைமை எங்கிருந்து வந்துச்சு?

அதுக்கு நாம பெரம்பூர் போகணும். அங்க பின்னி கம்பெனியோட பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாகுது. தலைவர் பி.பி. வாடியா. திரு.வி.க.வும் தொடக்கத்துலேயே கூட இருந்தவர். 1920-ல் கதவடைப்பு வந்தப்போ கம்பெனி வாடியா மேல வழக்குப் போட்டுச்சு. தொழிலாளிகள் விஷயத்துல அவர் தலையிடக்கூடாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் தடை உத்தரவு கொடுத்துச்சு. அன்னைக்கு சங்கத்துக்குப் பாதுகாப்பா எந்தச் சட்டமும் கிடையாது. வாடியா சங்கத்தை விட்டு விலக வேண்டியதாச்சு.

இந்த வழக்குதான் பெரிய மாற்றத்துக்குக் காரணம். 1921 மார்ச்சில் என்.எம். ஜோஷி மத்திய சட்டமன்றத்துல சங்கங்களுக்குப் பாதுகாப்பு கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார். 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்துச்சு. சாம்சங் சங்கம் பதிவானதும் அந்தச் சட்டத்துக்குக் கீழதான்.

இதே நேரத்துலதான் நம்ம வக்கீல் உள்ள வர்றார். 1860 பிப்ரவரி 18, சென்னை அயோத்தியாகுப்பத்துல ஒரு மீனவக் குடும்பத்துல பிறந்தவர். படிச்சு வக்கீல் ஆனார், அரிசி வியாபாரமும் பண்ணார். வீடு முழுக்கப் புத்தகம். வசதியா வாழ்ந்திருக்கலாம். 1921-ல், 61 வயசுல, ஒத்துழையாமை இயக்கத்தோட அழைப்பை ஏத்துக்கிட்டு பொதுக்கூட்டத்துல தன்னோட வக்கீல் அங்கியை எரிச்சார். அந்த வருஷமே பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள்ல வேலைநிறுத்தம். திரு.வி.க.வோட சேர்ந்து அதுல இறங்குனார்.

அந்தப் போராட்டம் தோத்துப்போச்சு. ஏன்னு பார்த்தா மனசு கஷ்டமா இருக்கும். தொழிலாளிகள் சாதியால ரெண்டா உடைஞ்சாங்க. புளியந்தோப்புல கலவரம், துப்பாக்கிச்சூடு, உயிரிழப்பு. முதலாளியோட பலம் ஒரு பக்கம், நமக்குள்ள இருந்த பிளவு இன்னொரு பக்கம்.

தோத்த பிறகும் சிங்காரவேலர் போகல. 1923 மே 1-ல் சென்னைக் கடற்கரையில ரெண்டு இடத்துல கூட்டம் போட்டு, இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரையில ஒண்ணு, திருவல்லிக்கேணி கடற்கரையில ஒண்ணு. செங்கொடிக்குத் துணி கிடைக்காம மகளோட சிவப்புப் புடவையைக் கிழிச்சுக் கொடி ஆக்கினதா ஒரு கதை சொல்வாங்க. கதை உண்மையோ இல்லையோ, தான் வாதாடின கோர்ட்டு வாசலுக்கு எதிர்லயே அந்தக் கூட்டம் நடந்ததுதான் என்னை யோசிக்க வச்சது. அவர் சட்டத்தை வெறுத்து ஓடல. தொழிலாளிக்குச் சட்டத்தைப் புரியவைக்கணும்னா எந்தப் பக்கம் நின்னு பேசணும்னு முடிவு பண்ணார். அதே வருஷம் 'தொழிலாளன்'னு தமிழ் வார இதழும் நடத்தினார்.

1925 டிசம்பர்ல கான்பூரில் நடந்த முதல் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை அவர்தான். 1928-ல் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தம். அவருக்கு அப்போ 68 வயசு. தண்டனை 10 வருஷம்! மேல்முறையீட்டுல குறைஞ்சு, 1930-ல் வெளிய வந்தார். வந்து ஓய்வெடுத்தாரா? இல்ல. பெரியாரோட 'குடி அரசு'ல அறிவியல், பொதுவுடைமைன்னு எழுதிக்கிட்டே இருந்தார். 1932 டிசம்பர்ல ஈரோட்டுல சமதர்ம வேலைத்திட்டம் உருவானதுலயும் அவர் பங்கு முக்கியமானது. கட்சி வேறயா இருந்தாலும், கருத்து மோதினாலும், திரு.வி.க.வுக்கும் பெரியாருக்கும் அவர்மேல மரியாதை குறையல. 'சிந்தனைச் சிற்பி'ன்னு இன்னைக்கும் சொல்றோம் இல்லையா, அது அவருக்குக் கிடைச்ச பட்டம்.

இப்போ ஒரகடத்துக்கு வருவோம். 2018-ல் யமஹா, ராயல் என்ஃபீல்டு ஆலைகள்லயும் வேலைநிறுத்தம் நடந்துச்சு. கேட்டு முன்னாடி நிக்கிறப்போ நல்ல வக்கீல் வேணும், சந்தேகமே இல்ல. ஆனா 1921-ஐ நினைச்சுப் பாருங்க. அன்னைக்குப் பிரிச்சது சாதி. இன்னைக்கு ஒரே லைன்ல நிரந்தரத் தொழிலாளியும் கான்ட்ராக்ட் பையனும் பக்கத்துல பக்கத்துல நிக்கிறாங்க, சம்பளம் வேற, உரிமை வேற. அந்த 1926 சட்டமும் இப்போ இல்ல. 2025 நவம்பர் 21-லேர்ந்து தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அதோட இடத்துக்கு வந்துடுச்சு. புது விதிகளை யாராவது உக்காந்து பொறுமையா நமக்குப் புரியவைக்கணும். அந்த வேலையைத்தான் சிங்காரவேலர் கடைசி வரைக்கும் பண்ணார்.

சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கிற கட்டடத்துக்குப் பேர் சிங்காரவேலர் மாளிகை. ஏதாவது சான்றிதழ் வாங்க அங்க போனீங்கன்னா, அந்தப் பேரை ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. உங்க ஷிஃப்ட்ல புதுசா சேர்ந்த கான்ட்ராக்ட் பையன்கிட்டயும் அவர் யாருன்னு சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.