களை என்று பெயர் வைத்தது யார்?

களை என்று தாவரங்களில் தனி இனம் எதுவும் இல்லை. ஓரிடத்தில், ஒரு காலத்தில் மனிதர் சூட்டிய பெயர் அது. உண்ணிச்செடியைப் பாருங்கள். வெப்பமண்டல அமெரிக்காவில் பிறந்த இது, நிறம் மாறும் பூவுக்காக ஐரோப்பியத் தோட்டங்களில் போற்றப்பட்டு, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச்செடியாக வந்தது. வேலியோரம் நட்டவர்கள் ஆசையாகத்தான் நட்டார்கள். பழத்தைத் தின்ற பறவைகள் விதையைக் காடெங்கும் எச்சமிட்டன. இன்று முதுமலைக் காட்டில் பிடுங்கி மாளவில்லை. எதிர்த்திசைப் பயணமும் உண்டு. கோதுமை வயலில் களையாக நுழைந்த ரை என்னும் தானியப்புல், குளிர் மிகுந்த இடங்களில் கோதுமை தோற்றபோது தானே பயிராகிவிட்டது என்று ரஷ்ய அறிஞர் வவிலோவ் விளக்கினார்.

அப்படியானால் களையெடுப்பவர் கண்ணுக்கு வேலையே இல்லையா என்று கேட்கலாம். உண்மையில் அந்தக் கண்ணுக்குத்தான் வேலை அதிகம். நெல்வயலில் முளைக்கும் குதிரைவாலிச் சாதிப் புல் இளம்பருவத்தில் நாற்றைப் போலவே நிற்கும். இலை தண்டைத் தழுவும் இடத்தில் நெல்லுக்கு நாக்குப் போன்ற மெல்லிய சவ்வு உண்டு. அந்தப் புல்லுக்குக் கிடையாது. தலைமுறை தலைமுறையாகக் கைக்களை எடுத்தவர்கள் வித்தியாசம் தெரிந்த புற்களைப் பறித்தெறிய, நெல்லாக நன்றாக நடித்தவை தப்பி விதை போட்டன. பறித்த கையே களைக்கு வேஷம் கட்டிவிட்டது. அதன் நெருங்கிய உறவான குதிரைவாலியை மானாவாரி நிலத்தில் நாமே விதைக்கிறோம் என்பது வேறு கூத்து.