அன்னையர் தினமும் வெள்ளைக் கார்னேஷனும்: ஒரு பூவின் வரலாறு

மே மாதம் இரண்டாவது ஞாயிறு நெருங்கினாலே பூக்கடை, கேக் கடை, வாழ்த்து அட்டைக் கடை எல்லாவற்றிலும் 'அன்னையர் தினச் சலுகை' என்று பலகை வைத்துவிடுவார்கள். ஆனால் இந்த நாளைத் தொடங்கி வைத்த பெண்மணியே பிறகு இந்த வியாபாரத்தை எதிர்த்துப் பல வருடங்கள் போராடினார், அதற்காக ஒரு முறை கைதும் ஆனார் என்பது பலருக்குத் தெரியாது. அந்தப் போராட்டத்தின் நடுவில் இருந்தது ஒரு சாதாரணப் பூ. வெள்ளைக் கார்னேஷன்!

பெயர் தெரியாவிட்டாலும் பூவைப் பார்த்திருப்பீர்கள். கல்யாண மேடை அலங்காரத்திலும் பொக்கேயிலும், ஓரங்கள் கத்தரிக்கோலால் நறுக்கியது போல இருக்கும் அடுக்கு இதழ்ப் பூ அதுதான். நம் நீலகிரியிலும் பசுமைக் குடில்களில் வளர்க்கிறார்கள். மல்லிகை போல இதைத் தொடுத்து முழக்கணக்கில் விற்பதில்லை. நீண்ட காம்போடு வெட்டி, ஒவ்வொரு பூவாக எண்ணி விற்பார்கள். இப்படி விற்கும் பூக்களுக்குக் கொய்மலர் என்று பெயர்.

அம்மாவுக்குப் பிடித்த பூ

அன்னா ஜார்விஸ் 1864ல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பிறந்தவர். அவருடைய அம்மா சாதாரணப் பெண்மணி அல்ல. பெற்ற குழந்தைகளில் நான்கு பேர்தான் பிழைத்து வளர்ந்தார்கள். மற்ற குழந்தைகளை நோய்க்குப் பறிகொடுத்த அந்தத் தாய், 1858ல் ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு சுகாதாரத்துக்காகச் சங்கங்களை ஆரம்பித்தார். பிறகு உள்நாட்டுப் போர் வந்தபோது அந்தச் சங்கப் பெண்கள் இரண்டு பக்கத்து வீரர்களுக்கும் வைத்தியம் பார்த்தார்கள்.

அந்த அம்மா 1905 மே 9 அன்று இறந்து போனார். தாய்மார்களுக்கென்று ஒரு நாள் வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதை நிறைவேற்றியே தீருவது என்று மகள் முடிவு செய்தார். 1908 மே 10 அன்று, அம்மா பாடம் நடத்திய கிராஃப்டன் ஊர்த் தேவாலயத்தில் முதல் அன்னையர் தினம் நடந்தது. அன்னா அங்கே போகவில்லை. ஆனால் அம்மாவுக்குப் பிடித்த வெள்ளைக் கார்னேஷன் பூக்கள் 500 அனுப்பி வைத்தார். அதே நாளில் பிலடெல்பியாவில் ஜான் வனமேக்கரின் பெரிய கடை அரங்கத்தில் நடந்த கூட்டத்தில் அவர் பேசினார். அதாவது முதல் வருடமே ஒரு கடை இந்தக் கதைக்குள் வந்துவிட்டது!

ஏன் கார்னேஷன்? அதற்கு அன்னா பின்னாளில் ஒரு காரணம் சொன்னார். மற்ற பல பூக்கள் வாடும்போது இதழ்களை உதிர்த்துவிடும். கார்னேஷன் அப்படி உதிர்ப்பதில்லை, இதழ்களை உள்பக்கமாகச் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டே வாடும். தாயும் அப்படித்தான், சாகும் வரை பிள்ளைகளை அணைத்துக்கொண்டிருப்பாள் என்பது அவர் எண்ணம்.

சிகாகோவில் தூங்கிய பூக்கள்

இதே 1908ம் வருடம் வேறு ஒரு விஷயமும் நடந்தது. அந்தக் காலத்தில் சிகாகோ பூ வியாபாரிகள் பெரிய நஷ்டத்தில் இருந்தார்கள். கண்ணாடிக் குடிலுக்குள் கார்னேஷனைக் கொண்டுபோய் வைத்தால் மொட்டு மலராது, மலர்ந்த பூவும் இதழை மூடிக்கொள்ளும். பூ 'தூங்கிவிட்டது' என்பார்கள். காரணம் என்ன என்று சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் குரோக்கர், லீ நைட் என்ற இருவர் ஆராய்ந்தார்கள்.

குற்றவாளி, விளக்கெரிக்கக் குழாயில் வந்த வாயு. அதிலும் குறிப்பாக அதில் கலந்திருந்த எத்திலீன். 20 லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு எத்திலீன் இருந்தாலே, 12 மணி நேரத்தில் மலர்ந்த கார்னேஷன் மூடிக்கொள்ளும் என்று 1908ல் அவர்கள் வெளியிட்டார்கள்.

செடிகளும் பழங்களும் தாங்களே எத்திலீனை உண்டாக்குகின்றன என்பது அதற்குப் பிறகு தெரிய வந்தது. வாழைப்பழம் பழுப்பதும் கார்னேஷன் வாடுவதும் இதே வாயுவால்தான். கார்னேஷனில் மகரந்தம் சேர்ந்துவிட்டால் எத்திலீன் அதிகமாகி இதழ்கள் இன்னும் சீக்கிரம் சுருளும். அப்போது இதழ்களில் இருக்கும் சர்க்கரை, விதை வளரும் சூலகத்துக்குப் போகிறது. அன்னா சொன்ன உவமை அவருக்கே தெரியாமல் எவ்வளவு சரியாக இருந்தது பாருங்கள்!

இதனால் ஒரு பயனும் உண்டு. கார்னேஷன் வாங்கி வந்தால் பழக்கூடை பக்கத்தில் வைக்கக் கூடாது. காம்பின் நுனியைக் கூரான கத்தியால் சாய்வாக வெட்டி, தண்ணீருக்குள் போகும் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒன்றிரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றினால் இரண்டு வாரம் வரைகூட இருக்கும்.

வெள்ளை போய் சிவப்பு வந்த கதை

அன்னா சளைக்காமல் எழுதினார். பத்திரிகைகள், மந்திரிகள், போதகர்கள், வியாபாரிகள் என்று யாரையும் விடவில்லை. ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்தவர் என்பதால் ஒரு விஷயத்தை எப்படிப் பரப்புவது என்று அவருக்குத் தெரியும். 1914 மே மாதம் ஜனாதிபதி உட்ரோ வில்சன் இதைத் தேசிய நாளாக அறிவித்தார். அந்த அறிவிப்பில் கொடி ஏற்றச் சொல்லியிருந்ததே தவிர, பூவைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

ஆனால் மக்கள் மனதில் அன்னையர் தினம் என்றால் வெள்ளைக் கார்னேஷன் என்று பதிந்துவிட்டது. இங்கேதான் தேவைக்கும் அளிப்புக்கும் உள்ள பழைய தகராறு வருகிறது. கார்னேஷன் ஒரே நாளில் வளராது, குடோனில் மாதக்கணக்கில் அடுக்கி வைக்கவும் முடியாது. ஒரே ஞாயிற்றுக்கிழமைக்கு நாடு முழுவதும் ஒரே நிறத்துப் பூவைக் கேட்டால் என்ன ஆகும்? தட்டுப்பாடு வந்தது, விலையும் ஏறியது.

பூ வியாபாரிகள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அம்மா உயிரோடு இருந்தால் சிவப்பு அல்லது வேறு நிறப் பூ, இறந்திருந்தால் மட்டும் வெள்ளை என்று ஒரு வழக்கத்தைப் பரப்பினார்கள். காலங்காலமாக இருந்த சம்பிரதாயம் போல இது தோன்றும், ஆனால் வெள்ளைப் பூ போதாமல் போனதற்குக் கடைக்காரர்கள் சொன்ன தீர்வு இது. அதனால் எல்லா நிறப் பூவும் விற்றது.

கார்னேஷனின் நிறத்துக்கு இப்படி அர்த்தம் ஒட்டுவது புதிதல்ல. வெள்ளைக் கார்னேஷனைச் சாயம் கலந்த தண்ணீரில் நிறுத்தினால் காம்பு அதை உறிஞ்சி, சில மணி நேரத்தில் இதழ் ஓரங்களில் நிறம் ஏறும். பள்ளிக்கூடங்களில் செய்து காட்டும் பரிசோதனை இது. 1892ல் லண்டனில் ஆஸ்கர் வைல்டின் நாடகம் அரங்கேறியபோது அவருடைய நண்பர்கள் பச்சைக் கார்னேஷன் குத்திக்கொண்டு வந்தது பெரிய பேச்சானது. செயின்ட் பேட்ரிக் நாளுக்காக அமெரிக்கக் கடைகளில் விற்பதும் இப்படிச் சாயமேற்றிய பச்சைப் பூதான்.

மகளின் கோபம்

ஆரம்பத்தில் பூ வியாபாரிகளின் ஆதரவை அன்னா ஏற்றுக்கொண்டவர்தான். ஆனால் விலையும் விளம்பரமும் ஏற ஏற அவருடைய கோபமும் ஏறியது. 1910ல் தந்தி மூலம் வெளியூருக்குப் பூ அனுப்பும் கடைக்காரர்கள் சங்கம் ஒன்று தொடங்கியிருந்தது. அதனால் அம்மாவை நேரில் பார்க்காமலே பூ அனுப்பிவிட முடிந்தது. அச்சடித்த வாழ்த்து அட்டையும் அப்படித்தான் என்றார் அன்னா. சொந்தக் கையால் ஒரு கடிதம் எழுதச் சோம்பல்படுகிறவர்களுக்கான சாக்கு அது என்பது அவர் வாதம். அன்னையர் தினத்தின் ஆங்கிலப் பெயரில்கூட 'அன்னை' ஒருமையில்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ஒவ்வொருவரும் நினைக்க வேண்டியது தன் வீட்டில் இருக்கும் அந்த ஒரே தாயைத்தான் என்பதற்காக!

1923ல் மிட்டாய் வியாபாரிகள் மாநாட்டுக்குள் புகுந்து கண்டித்தார். 1925ல் போர்வீரர்களின் தாய்மார் சங்கம் பிலடெல்பியாவில் கூடியது. நிதி திரட்டுவதற்காக அவர்கள் வெள்ளைக் கார்னேஷன் விற்றார்கள். அன்னா அங்கேயும் போய்ச் சண்டை போட, அமைதியைக் குலைத்ததாகப் போலீஸ் அவரைக் கைது செய்தது. பிறகு வழக்கு தள்ளுபடியானது. நல்ல காரியத்துக்காகப் பூ விற்றவர்களையும் மொத்தமாக லாபம் பார்த்தவர்களையும் அவர் ஒரே தட்டில் வைத்தார். இது நியாயமா என்று கேட்கலாம். ஆனால் அவரைப் பொறுத்தவரை அது தன் அம்மாவின் பூ. அதை யாரும் விற்கக் கூடாது.

1934ல் அமெரிக்க அஞ்சல் துறை தாய்மார்களுக்காக 3 சென்ட் தபால்தலை வெளியிட்டது. விஸ்லர் என்ற ஓவியர் தன் தாயை வரைந்த புகழ்பெற்ற படம்தான் அதில் இருந்தது. மூல ஓவியத்தில் இல்லாத ஒரு பூஜாடியையும் ஓரத்தில் சேர்த்துவிட்டார்கள். பூ இல்லாமல் தாயைக் காட்டவே முடியாது என்கிற அளவுக்கு அந்தப் பழக்கம் வேரூன்றியிருந்தது.

வழக்குகளிலும் பிரசாரத்திலும் அன்னா தன் பணத்தை எல்லாம் இழந்தார். கடைசியில் அன்னையர் தினத்தையே ரத்து செய்ய வேண்டும் என்று கையெழுத்து வாங்கக் கிளம்பினார். பார்வை மங்கி, கையில் காசில்லாமல், மருத்துவ இல்லம் ஒன்றில் 1948 நவம்பர் 24 அன்று காலமானார். வயது 84. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளைகளும் இல்லை. அந்த மருத்துவ இல்லச் செலவில் ஒரு பகுதியைக் கட்டியது பூ வியாபாரத் துறையைச் சேர்ந்தவர்கள்தான் என்று சொல்லப்படுகிறது. அது அவருக்குத் தெரியாதாம்.

இந்தக் கதையில் பூ வியாபாரிகளை மட்டும் வில்லன் ஆக்கிவிட முடியாது. அவர்கள் இல்லாமல் இந்த நாள் இவ்வளவு தூரம் பரவியிருக்குமா என்பது சந்தேகமே. பொருளுக்கு விலை போடலாம், அந்தப் பொருளின் அர்த்தத்துக்கும் சேர்த்து விலை போடலாமா என்பதுதான் அன்னா எழுப்பிய கேள்வி. அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

அடுத்த அன்னையர் தினத்தில் பூ வாங்குகிறவர்கள் தாராளமாக வாங்குங்கள். எந்த நிறமானாலும் சரி. கூடவே கையால் எழுதிய நாலு வரியையும் சேர்த்துக் கொடுங்கள். அன்னா ஜார்விஸ் கேட்டது அவ்வளவுதான்.