வ.உ.சி. வகுத்த அறப்படிகள்

மாணவரின் ஒழுக்க உணர்வு படிப்படியாக வளர்கிறது என்னும் கருத்து உளவியல் நூல்களின் வழியே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளை அடைவதற்கு நெடுங்காலம் முன்பே, தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளின் பாட வரிசை அதனை ஒருவாறு கைக்கொண்டிருந்தது. மணலில் விரலால் எழுத்துப் பழகிய பிள்ளை, அகர வரிசையில் அமைந்த ஓரடிக் கட்டளைகளாலான ஆத்திசூடியை முதலில் மனப்பாடம் செய்து, கொன்றைவேந்தனைக் கடந்து, உவமையும் காரணமும் கூடிய நாலடி வெண்பாக்களாலான மூதுரைக்கும் நல்வழிக்கும் சென்றது. இவ்வரிசையில் ஏவல் முன்னும் விளக்கம் பின்னும் நின்றன.

ஓட்டப்பிடாரத்தில் 1872-இல் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை இம்மரபில் வளர்ந்தவர். தாத்தாவும் பாட்டியும் சொன்ன புராண, இதிகாசக் கதைகளைக் கேட்டும், வீரப்பெருமாள் அண்ணாவியிடம் தமிழ் பயின்றும் அவருடைய கல்வி தொடங்கிற்று. அண்ணாவி என்பது தென்மாவட்டங்களில் திண்ணைப் பள்ளி ஆசிரியரைக் குறித்த பெயர். பின்னாளில் வழக்குரைஞராகி, 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, 1908-இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய அவர், அதே ஆண்டு அரச நிந்தனைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டு, கோவைச் சிறையிலும் பின்னர் கண்ணனூர்ச் சிறையிலும் 1912 டிசம்பர் வரை அடைபட்டிருந்தார்.

கண்ணனூரில் உடனிருந்த கைதிகளுக்கு நீதி புகட்ட வேண்டிய தேவையிலிருந்து பிறந்தது, பத்து அதிகாரங்களில் நூறு வெண்பாக்கள் கொண்ட ‘மெய்யறிவு’. தன்னை அறிதலில் தொடங்கும் இந்நூல், உடம்பை வளர்த்தல், மனத்தை ஆளுதல், மறம் களைதல், அறம் புரிதல் என ஏறி, மெய்ந்நிலை அடைதலில் முடிகிறது. தீயதை விலக்கிய பிறகே நல்லதைச் செய்தல் வருவதும், அவ்விரண்டுக்கும் முன்பே உடலும் மனமும் வருவதும், இது கற்பிப்பவர் வகுத்த முறை என்பதைக் காட்டுகின்றன.

1914-இல் வெளிவந்த ‘மெய்யறம்’ இம்முறையை ஒருவரின் வாழ்நாள் முழுமைக்கும் விரித்தது. அதிகாரத்துக்குப் பத்தாக ஓரடி நூற்பாக்கள் கொண்ட 125 அதிகாரங்கள், மாணவரியல் 30, இல்வாழ்வியல் 30, அரசியல் 50, அந்தணரியல் 10, மெய்யியல் 5 என ஐந்து இயல்களாக அமைந்தன. திருக்குறளைப் பெரிதும் பின்பற்றிய நூலாயினும், குறளின் அறத்துப்பால் பாயிரத்தை அடுத்து இல்லறத்தில் தொடங்குகையில், இது மாணவரை முதற்படியில் நிறுத்துகிறது; இல்லறத்துக்கும் துறவு சார்ந்த நிலைக்கும் இடையே, நூலின் மிகப் பெரிய பகுதியாக அரசியலை வைக்கிறது.

ஒழுக்க வளர்ச்சியின் படிகளை உளவியல் வழியே வகுத்தவர்களுள் ஒருவரான அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் கோல்பர்க், 1958-இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் வேரூன்றிய கொள்கையில், ஒழுக்கச் சிந்தனையை மூன்று மட்டங்களாகவும் ஆறு படிகளாகவும் பகுத்தார்: தண்டனைக்கு அஞ்சியும் பயன் கருதியும் நடப்பது முதல் மட்டம், பிறர் மதிப்பையும் சட்டத்தையும் கருதி நடப்பது இரண்டாவது, அனைவர்க்கும் பொதுவான நெறிகளைத் தம் மனச்சான்றால் தேர்ந்து நடப்பது மூன்றாவது. ஒருவர் செயலுக்குச் சொல்லும் காரணத்தைக் கொண்டு அவர் நிற்கும் படியைக் கோல்பர்க் அளந்தார், வ.உ.சி.யோ ஒவ்வொரு நிலையிலும் ஒருவர் ஏற்க வேண்டிய கடமைகளைக் கொண்டு படிகளை அமைத்தார். ஆகவே முன்னது மாணவரை அறிந்துகொள்ளும் கருவியாகவும், பின்னது மாணவர் நடக்க வேண்டிய வழியாகவும் பயன்படுகின்றன.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் கற்பிக்கும்போது ஒரு வேறுபாடு தெளிவாகும். கோல்பர்க்கின் உச்சப்படி தனிமனிதரின் தீர்ப்பில் நிலைகொள்ள, மெய்யறத்திலோ, வீட்டைப் பேணியவர் நாட்டைப் பேணும் ஐம்பது அதிகாரங்களைக் கடந்தே மெய்யியலின் ஐந்து அதிகாரங்களை அடைய முடிகிறது. கப்பல் கம்பெனிக்குப் பங்கு திரட்டியதற்கும் ஆலைத் தொழிலாளர் பக்கம் நின்றதற்கும் விலையாகச் சிறை சென்ற ஒருவர், பொதுவாழ்வை அறவளர்ச்சியின் தவிர்க்க முடியாத படியாக வைத்ததில் வியப்பில்லை.