தாசில்தாருக்கு அனுப்பப்படுகிறது

போலீஸ்மீது வந்த புகார்களை அந்தக் காலத்தில் யார் விசாரித்தார்கள்? இந்தத் தேடலில் எனக்குக் கிடைத்த முதல் பிடி, 1857 செப்டம்பர் 17 அன்று ‘நியூயார்க் டெய்லி டிரிபியூன்’ நாளிதழில் கார்ல் மார்க்ஸ் எழுதிய கட்டுரை. சென்னை மாகாணத்தில் குடியானவர் கலெக்டருக்கு எழுதும் மனு தாசில்தாரிடமே போய்ச் சேர்ந்துவிடும் என்கிறது அது. மார்க்ஸ் சென்னைக்கு வந்தவரல்லர். அவர் சுருக்கிய மூலத்தைப் பார்த்தாக வேண்டும்.

மூலம், 1855 ஏப்ரல் 16 தேதியிட்ட சித்திரவதை ஆணைய அறிக்கை. கஜுலு லட்சுமிநரசு செட்டி தொடங்கிய சென்னைவாசிகள் சங்கம், 1853இல் இங்கு வந்த டான்பி செமூர் என்ற நாடாளுமன்ற உறுப்பினரிடம் முறையிட்டது. அடுத்த ஆண்டு லண்டனில் விவாதம் எழுந்தது. அதன் விளைவே எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் ஆணையம்.

ஆணையத்துக்கு வந்த புகார்கள் 1,959. நேரில் வந்தவர்கள் 519 பேர்; மற்ற 1,440 கடிதங்கள். இதைச் சித்திரவதைகளின் எண்ணிக்கையாகக் கொள்ள எனக்குத் துணிவில்லை. பொய்ப் புகார்களும் கலந்திருக்கலாம். சென்னைவரை வர வழியில்லாதவர்கள், அதே ஊரில் பிழைக்க வேண்டுமே என்று வாய் திறக்காதவர்கள் எத்தனை பேரோ! ஆனால் முறைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கிட்டி: ஒருமுனையில் கட்டிய இரு கோல்களுக்கிடையே விரல்களை வைத்து நெரிப்பது. அண்ணாந்தாள்: கழுத்துக்கும் கால்விரல்களுக்கும் துணியையோ கயிற்றையோ இழுத்துக் கட்டி, குனிந்த நிலையிலேயே நிறுத்துவது. வரி வசூலுக்கும் இவைதாம், குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் இவைதாம்.

நான் தேடியது அறிக்கையின் இன்னொரு பகுதியில் இருந்தது. சித்திரவதை உண்டு என்று உறுதிப்பட்டதைவிட, பாதிக்கப்பட்டவர் நியாயம் பெறுவது எவ்வளவு அரிது என்பதே தங்களை அதிகம் வருத்தியதாக ஆணையர்கள் எழுதுகிறார்கள். காரணங்களையும் சொல்கிறார்கள். கலெக்டர் கச்சேரி, அதாவது அலுவலகம், தொலைவில் இருக்கிறது. போனால் செலவும் நாளும் வீண். எழுதிப் போட்டால் ‘தாசில்தாருக்கு அனுப்பப்படுகிறது’ என்ற வழக்கமான புறக்குறிப்புடன் மனு திரும்பிவிடும் என்ற அச்சம். அடித்தவர் அந்தத் தாசில்தாராக இருக்கலாம், அல்லது அவர் கீழுள்ள சேவகராக இருக்கலாம். எல்லாம் தாண்டிக் குற்றம் மெய்ப்பட்டாலும் மாஜிஸ்திரேட் விதிக்கக்கூடியது 50 ரூபாய் அபராதம் அல்லது ஒரு மாதச் சிறை; அதற்கு மேல் வேண்டுமென்றால் குற்றவியல் நீதிபதிக்கு அனுப்ப வேண்டும். மார்க்ஸ் சொன்னது சரியே.

புறக்குறிப்பு எழுதிய குமாஸ்தாவின் அலட்சியம் என்று இதை ஒதுக்கிவிட முடியுமா? 1816ஆம் ஆண்டின் 11ஆம் ரெகுலேஷனைப் பார்த்ததும் அந்த எண்ணம் நிற்கவில்லை. போலீஸ் அதிகாரத்தைக் கலெக்டரிடமும் தாசில்தாரிடமும் கிராமத் தலைவரிடமும் கொடுத்தது அந்தச் சட்டம். வரி வாங்குபவரும் பிடித்து வைப்பவரும் ஒருவரே. மனு போக வேறு மேசை கிடையாது.

ஆணையத்தின் முடிவை மட்டும் என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. குற்றமெல்லாம் சுதேசிச் சிப்பந்திகளுடையது, ஐரோப்பிய அதிகாரிகள் ஆதரிக்காதது என்று அது முடிக்கிறது. மனுக்களைத் திருப்பியனுப்பிய கச்சேரிகளின் தலைவர்கள் யார்? அதே ஐரோப்பியக் கலெக்டர்கள்தாம். விசாரித்த மூவரில் எலியட், சென்னை நகரப் போலீஸ் கண்காணிப்பாளர். அறிக்கை திரட்டிய சாட்சியம் அதன் முடிவைவிட வலுவானது என்பதே என் கருத்து.

1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் சென்னை மாகாணப் போலீஸை வருவாய்த் துறையிலிருந்து பிரித்தது. தாசில்தார் விலகினார்; ஆனால் புகாரைத் துறைக்கு வெளியே விசாரிக்க நிலையான அமைப்பு எதுவும் வரவில்லை. 2006 செப்டம்பர் 22 அன்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு வழி சொன்னது: மாநிலத்துக்கும் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு காவல் புகார் ஆணையம், மாநிலத்தில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதி தலைவர், மாவட்டத்தில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைவர்.

தமிழ்நாட்டின் 2013ஆம் ஆண்டுக் காவல் சீர்திருத்தச் சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். மாநில ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலாளர். மாவட்ட ஆணையத்துக்குக் கலெக்டர். உடன் அமர்பவர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர். மனு மீண்டும் அதே மேசைக்கே போகிறது; குறைந்தது அதன் பதிவாவது வெளியே தெரிய வேண்டும். 1855 அறிக்கை, தனக்கு வந்த முறையீடுகளைப் பின்னிணைப்பாக அச்சிட்டு வைத்தது. அதனால்தான் இன்று நாம் அவற்றைப் படிக்க முடிகிறது. இந்த மாவட்ட ஆணையங்களும் எந்தப் புகார் வந்தது, எந்த அதிகாரிமீது வந்தது, என்ன முடிவானது என்பதை ஆண்டுதோறும் அச்சிட்டு எல்லோரும் பார்க்க வைக்க வேண்டும்.