மருத்துவமனைக்கு வராதவர்கள்

"நோய்க்கு ஆண், பெண் என்ற வேற்றுமை உண்டோ? எல்லார்க்கும் பொதுவாக ஒரு மருத்துவமனை அமைத்தால் போதாதோ?" என்று சிலர் வினவக் கேட்டிருக்கிறேன். இவ்வினாவுக்குச் சென்னை நகரின் வரலாறே விடை தருகிறது. அவ்வரலாற்றில் ஒரு பகுதியை இங்கே கூற விழைகிறேன்.

எழும்பூரில் 1844ஆம் ஆண்டிலேயே மகப்பேற்று மருத்துவமனை தோன்றிவிட்டது. ஆயினும் உயர்சாதி இந்துப் பெண்டிரிலும், கோஷா முறையைக் கைக்கொண்ட முஸ்லிம் பெண்டிரிலும் மிகப் பலர் அங்கே செல்லவில்லை. மருத்துவர்கள் ஆடவர், அயல் ஆடவர் தொட்டு நோய் காண்பதை அப்பெண்டிரும் ஒப்பவில்லை, அவர்தம் குடும்பத்தாரும் ஒப்பவில்லை. பேறுகாலத்தில் இடர் நேர்ந்தபோது, உரிய மருத்துவ உதவியின்றி வீட்டின் உள்ளறையிலேயே பலர் உயிர் துறந்தனர்.

வழக்கறிஞரான தம் கணவருடன் அந்நாளில் சென்னையில் வாழ்ந்த மேரி ஷார்லீப் என்னும் ஆங்கில மாது இக்கொடுமையை அறிந்தார். இரக்கப்பட்டதோடு நில்லாமல், தாமே மருத்துவம் கற்கத் துணிந்தார். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி அவரையும் வேறு மூன்று பெண்களையும் மாணவியராக ஏற்றுக்கொண்டது. இலண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் அளிக்க இசைந்ததே 1878இல்தான் என்பதை எண்ணிப் பாருங்கள்! சென்னையில் கற்றுத் தேறியபின் இலண்டனுக்குச் சென்று 1882இல் பட்டம் பெற்ற அவ்வம்மையார், மறு ஆண்டே சென்னைக்குத் திரும்பினார்.

அவருடைய முயற்சியால் 1885இல் சாதி இந்துப் பெண்டிருக்கும் கோஷாப் பெண்டிருக்குமென ஒரு தனி மருத்துவமனை எழுந்தது. திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையாக விளங்குவது அதுவே. அதன் பழைய பெயரில் இருந்த சாதி வேற்றுமை நமக்கு உவப்பானதன்று. எனினும், பெண்ணைப் பெண்ணே கவனிக்கும் ஏற்பாடு அமைந்ததும், அதுவரை வராத பெண்டிர் வரத் தொடங்கினர் என்பதை மறுத்தற்கில்லை. பின்னர் 1912இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதே மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று வெளிவந்தார்.

இதனால் நலத்திட்டத்தில் பெண்களை மட்டும் தனியே கருத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மறுபுறத்தையும் காண்போம். 1952இல் இந்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77ஆம் ஓராண்டில் மட்டும், 80 இலட்சத்துக்கும் மேற்பட்டோர்க்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. அவருள் பெரும்பாலோர் ஆடவர்; வற்புறுத்தலுக்கு ஆளானோர் மிகப் பலர். அவ்வச்சத்தின் விளைவாக ஆடவர் விலகினர்; சுமை பெண்கள்மேல் ஏறியது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்ட குடும்பங்களோ 0.3 விழுக்காடே. ஆடவர்க்குரிய அறுவை எளிது, இடரும் குறைவு. அவ்வாறிருந்தும் நிலை இது!

அன்று மருத்துவமனைக்கு வராதவர்கள் பெண்டிர். இன்று இத்திட்டத்துக்கு வராதவர்கள் ஆடவர். மருத்துவமனையின் பதிவேடு வந்தவர் பெயரை மட்டுமே காட்டும். வராதவர் யாவர், ஏன் வரவில்லை என்று தேடிச் சென்று வினவியதுதான் மேரி ஷார்லீப் அம்மையாரின் பெருமை. நாளை மருத்துவராகவும் ஆட்சியாளராகவும் அமரப்போகும் நீங்கள், எத்திட்டத்தை வகுத்தாலும் இவ்வினாவை முதலில் எழுப்புவீர்களாக!